உறைபனிக்குள் விரித்த வலை: நியூத்திரினோக்களும் நாமும்

கரைவலை இழுப்போர் தலைமுறை தலைமுறையாக வாழும் கல்முனைக்குடி போன்ற ஊர்களில் வலையைப் பற்றி எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மீனின் பருமனுக்கு ஏற்பக் கண்ணின் அளவு அமைய வேண்டும். கண் பெரிதானால் சிறுமீன் நழுவிவிடும். ஆனால் எந்த வலையின் கண்ணிலும் சிக்காத, மலையையும் கடலையும் ஏன், இப்பூமிப்பந்தையுமே ஊடுருவிச் செல்கின்ற ஒன்றைப் பிடிக்க வேண்டுமாயின் எத்தகைய வலை வேண்டும்? அந்த வினாவுக்கு மனிதன் கண்ட விடைகளுள் மிகப் பெரியதொன்று, தென்துருவத்தின் உறைபனிக்குள் ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்துக்குக் கீழே விரிக்கப்பட்டுள்ளது. ஐஸ்கியூப் என்பது அதன் பெயர்.

பனிக்குள் புதைந்த கருவியொன்றுக்கும் வெயிலில் காயும் நமது கரையோரத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை கூறுமுன், பிடிபட மறுக்கும் அந்தப் பொருள் யாதென்பதை முதலில் பார்ப்போம்.

கதிர்த்தொழிற்பாடுள்ள சில அணுக்கருக்கள் சிதையும்போது வெளியேறும் இலத்திரன்களின் சக்தியை அளந்த விஞ்ஞானிகள், கணக்கில் ஒரு பகுதி குறைவதைக் கண்டு திகைத்தனர். சக்தி அழியாது என்ற அடிப்படை விதியே பொய்த்துவிட்டதோ என்ற ஐயம் கூட எழுந்தது. 1930ஆம் ஆண்டு வூல்ப்காங் பவுலி என்ற பௌதிகவியலாளர், மின்னேற்றம் அற்ற, கண்டுபிடிக்க மிகவும் அரிதான ஒரு துணிக்கை அந்தச் சக்தியை எடுத்துச் செல்கின்றது என்று கருத்துத் தெரிவித்தார். அதுவே பின்னர் நியூத்திரினோ எனப் பெயர் பெற்றது. அதனை உண்மையில் கண்டறிய 26 ஆண்டுகள் சென்றன. 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் அணு உலையொன்றின் அருகே பிரெட்ரிக் ரைன்ஸ், கிளைட் கவன் ஆகிய இருவரும் அதனை உறுதி செய்தனர்.

சூரியனிலிருந்து மட்டும், நமது விரல் நகமளவான ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பினூடாக, ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 6,500 கோடி நியூத்திரினோக்கள் கடந்து செல்கின்றன. பகலில் மேலிருந்து வருபவை இரவில் பூமியைத் துளைத்துக் கொண்டு நமது பாதத்தின் கீழிருந்து வருகின்றன. அவற்றால் நமக்கு எவ்விதத் தீங்கும் இல்லை. ஏனெனில் அவை நமது உடலோடு ஏறக்குறைய எந்த உறவும் கொள்வதில்லை. தீங்கு செய்யாத அதே குணந்தான், அவற்றைப் பிடிப்பதற்கும் தடையாக நிற்கின்றது.

இத்தேடலில் நமது மொழி பேசுவோரின் வியர்வையும் கலந்துள்ளது என்பது பலரும் அறியாத செய்தியாகும். இந்தியாவின் கர்நாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்கவயலில், தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறிய தொழிலாளர் பெருந்தொகையினர் பாறையைக் குடைந்து கொண்டிருந்தனர். அச்சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீற்றர் ஆழத்தில், மும்பையின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாக்கா நகரப் பல்கலைக்கழகம், பிரித்தானியாவின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த விஞ்ஞானிகள் தமது கருவிகளை அமைத்தனர். வானிலிருந்து பொழியும் ஏனைய துணிக்கைகளைப் பாறை தடுத்துவிட, நியூத்திரினோ மட்டுமே அந்த ஆழத்தை எளிதாக எட்டும் என்பதே அவர்களது கணிப்பு. 1965ஆம் ஆண்டு வளிமண்டலத்தில் உருவாகும் நியூத்திரினோக்களின் தடயத்தை அவர்கள் கண்டு வெளியிட்டனர். அதே ஆண்டு தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ரைன்சின் குழுவினரும் அதனைக் கண்டனர். உலகில் முதன்முதலாக இயற்கை நியூத்திரினோக்கள் அறியப்பட்டது இவ்விரு சுரங்கங்களிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. கோலாரின் தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டன. தங்கம் தீர்ந்தபோதும் அந்த இருட்டில் பெற்ற அறிவு தீர்ந்துவிடவில்லை.

ஆயின் சூரியனிலும் வளிமண்டலத்திலும் தோன்றுபவற்றை விட மிகமிக உயர்ந்த சக்தி கொண்ட நியூத்திரினோக்கள் தொலைதூர அண்டவெளியிலிருந்து வரக்கூடும் என விஞ்ஞானிகள் நம்பினர். அந்நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. அண்டக் கதிர்கள் பூமியைத் தாக்குவதை விக்டர் ஹெஸ் 1912ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். மனிதன் கட்டிய எந்த இயந்திரமும் தர முடியாத வேகத்தில் வரும் இத்துணிக்கைகளின் பிறப்பிடம் எது என்பது நூற்றாண்டு காலமாகத் தீராத புதிராகும். அவை மின்னேற்றம் கொண்டவையாதலால் வழியிலுள்ள காந்தப் புலங்களால் வளைக்கப்பட்டு, வந்த திசையையே மறைத்து விடுகின்றன. நியூத்திரினோவுக்கு மின்னேற்றம் இல்லை. அது வளையாது, தூசும் வாயுவும் அதனை மறிக்கா. புறப்பட்ட இடத்தின் முகவரியை அழியாமல் கொண்டுவரும் தூதன் அதுவேயாகும்.

அத்தகைய தூதர்கள் மிகச் சிலரே வருவர். வந்தவர்களுள்ளும் மிகச் சிலரே ஓர் அணுக்கருவுடன் மோதித் தமது வருகையைக் காட்டுவர். எனவே நூறு, ஆயிரம் தொன் எடையுள்ள கருவி போதாது. நூறு கோடி தொன் வேண்டும். அவ்வளவு பெரியதை எவராலும் கட்ட இயலாது. இயற்கை கட்டி வைத்துள்ள தெளிந்த நீரையே கருவியாக்கலாம் என்று சோவியத் விஞ்ஞானி மார்க்கோவ் 1960ஆம் ஆண்டு யோசனை கூறினார். ஹவாய்த் தீவுகளுக்கு அப்பால் ஆழ்கடலில் தொடங்கப்பட்ட டுமாண்ட் திட்டம் கடலின் கடுமையை வெல்ல முடியாமல் 1995இல் கைவிடப்பட்டது. சைபீரியாவின் பைக்கால் ஏரியில் மேற்கொள்ளப்பட்ட முயற்சி ஓரளவு வெற்றி கண்டது. இந்நிலையில், ஆட்டங்காணும் கடலை விட அசையாத பனிக்கட்டி சிறந்ததல்லவா என்று சிந்தித்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் ஹல்சன் ஆவார்.

முதல் முயற்சி ஏமாற்றத்தையே தந்தது. 1990களின் முற்பகுதியில் அமண்டா என்ற முன்னோடித் திட்டத்தின் உணர்கருவிகள் 800 முதல் 1,000 மீற்றர் வரையான ஆழத்தில் இறக்கப்பட்டபோது, பனிக்குள் சிறைப்பட்டிருந்த காற்றுக் குமிழிகள் ஒளியைச் சிதறடித்துவிட்டன. பால் கலந்த நீரில் பார்ப்பது போலாயிற்று. ஆனால் விஞ்ஞானிகள் திரும்பிவிடவில்லை. மேலும் ஆழம் சென்றனர். 1,400 மீற்றருக்குக் கீழே மேலுள்ள பனியின் பேரழுத்தம் அக்குமிழிகளைப் பனியின் படிக அமைப்புக்குள்ளேயே கரைத்துவிட்டிருந்தது. அங்கு கண்ட பனி, ஆய்வுகூடங்களில் தயாரிக்கும் பனிக்கட்டியை விடத் தெளிவானது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பொழிந்து இறுகிய அந்தத் தெளிவே ஐஸ்கியூபின் மூலதனம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 மீற்றர் உயரத்தில் அமைந்த அமுண்ட்சென் ஸ்கொட் நிலையத்தின் அருகே 2004ஆம் ஆண்டு பணிகள் ஆரம்பமாயின. அந்தாட்டிக்காவின் கோடைகாலத்தில் மட்டுமே அங்கு வேலை செய்யலாம். கொதிநிலையை அண்மித்த சூடான நீரைப் பீச்சி, 60 சென்ரிமீற்றர் அகலமும் இரண்டரைக் கிலோமீற்றர் ஆழமும் கொண்ட துளையொன்றை இடுவதற்கு இரண்டு நாட்கள் வரை செல்லும். துளையில் நிற்கும் நீர் மீண்டும் உறையுமுன், 60 உணர்கருவிகள் கோக்கப்பட்ட வடமொன்று அதனுள் இறக்கப்படும். பின்னர் நீர் உறைந்துவிடும். உள்ளே சென்ற கருவியை எக்காலத்திலும் வெளியே எடுக்க முடியாது. பழுது பார்க்கும் வாய்ப்பே இல்லாத வேலை அது. 2010 டிசம்பரில் இறுதி வடம் இறக்கப்பட்டபோது 86 வடங்களில் 5,160 உணர்கருவிகள், 1,450 முதல் 2,450 மீற்றர் வரையான ஆழத்தில் நிலைபெற்றிருந்தன. அவற்றுள் 98 சதவீதத்துக்கும் அதிகமானவை பல்லாண்டுகள் கடந்தும் சீராக இயங்கி வந்துள்ளமை, அவற்றைச் செய்த கைகளின் நேர்த்திக்குச் சான்றாகும்.

இனி, இவ்வலை எவ்வாறு மீனை அறிகின்றது என்று பார்ப்போம். அமைதியான கடலில் தோணியொன்று அலையை விட வேகமாகச் செல்லும்போது அதன் முகப்பிலிருந்து இருபுறமும் கூரிய அலை விரிந்து செல்வதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். ஒளியிலும் அவ்வாறு நிகழ்கின்றது. வெற்றிடத்தில் ஒளியை விஞ்ச எதனாலும் இயலாது. ஆனால் பனிக்கட்டிக்குள் ஒளி ஏறத்தாழ கால் பங்கு வேகத்தை இழந்துவிடும். நியூத்திரினோ ஒன்று பனியிலுள்ள அணுக்கருவுடன் மோதினால் பிறக்கும் மின்னேற்றமுள்ள துணிக்கை, அங்கு ஒளியை முந்திக்கொண்டு பாயும். அவ்வேளை அதன் பின்னே கூம்பு வடிவில் மெல்லிய நீல ஒளி விரியும். சோவியத் விஞ்ஞானி செரன்கோவின் பெயரால் அது வழங்கப்படுகின்றது. கண்ணாடிக் கோளங்களுக்குள் உள்ள ஒளியுணர் குழாய்கள், அந்த ஒளி எந்தக் கணத்தில் எந்தக் கருவியைத் தொட்டது என்பதைச் செக்கனின் நூறு கோடியில் சில பங்கு நுட்பத்துடன் பதிவு செய்கின்றன. அக்கணங்களைக் கோத்துப் பார்த்தால் துணிக்கை வந்த திசை தெரியும்; ஒளியின் அளவைக் கொண்டு அதன் சக்தி தெரியும்.

ஆயினும் வலையில் விழுவதெல்லாம் தேடிய மீன் அல்ல. வளிமண்டலத்தில் அண்டக் கதிர்கள் மோதுவதால் உண்டாகும் மியூவோன்கள் என்ற துணிக்கைகள் செக்கனுக்கு ஏறத்தாழ 3,000 என்ற கணக்கில் ஐஸ்கியூபைக் கடந்து செல்கின்றன. அவை மேலிருந்து மட்டுமே வரும். பூமியைத் துளைத்துக் கீழிருந்து வர அவற்றால் முடியாது. ஆகவே கீழிருந்து மேல்நோக்கி வரும் தடம் நியூத்திரினோவின் தடமே என்று கொள்ளலாம். பூமி முழுவதும் இங்கு வடிகட்டியாகப் பயன்படுகின்றது. தென்துருவத்தில் இருந்துகொண்டு வட வானத்தைப் பார்க்கும் கருவியாக ஐஸ்கியூப் அமைந்த விந்தை இதுவே.

நமது ஊரையே உதாரணமாகக் கொள்வோம். கல்முனைக்குடியில் வடக்கு நோக்கி நின்று, அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ நடுவிலுள்ள வானத்தைப் பார்த்தால், அத்திசையிலிருந்து வரும் நியூத்திரினோ நமது கரையில் தரையினுள் நுழைந்து, பூமியினூடாக ஏறத்தாழ 9,500 கிலோமீற்றர் நேர்கோட்டில் சென்று தென்துருவத்தை அடையும். அதற்குச் செல்லும் நேரம் ஒரு செக்கனின் முப்பதில் ஒரு பங்கு மட்டுமே. நமது காலடி மண்ணும் அந்தத் தொலைநோக்கியின் ஓர் உறுப்பே என்றால் அது மிகைக்கூற்று ஆகாது.

2013ஆம் ஆண்டு, அண்டவெளியிலிருந்து வந்த உயர்சக்தி நியூத்திரினோக்கள் உண்மையாகவே பிடிபட்டுள்ளன என்பதற்கான சான்றை ஐஸ்கியூப் குழுவினர் 28 நிகழ்வுகளின் மூலம் வெளியிட்டனர். அவை எங்கிருந்து வந்தன என்ற வினாவுக்கு முதல் துப்பு 2017 செப்டெம்பர் 22இல் கிடைத்தது. அன்று பதிவான நியூத்திரினோவின் சக்தி ஏறத்தாழ 290 இலட்சம் கோடி இலத்திரன்வோற்று. ஐரோப்பாவின் மாபெரும் துணிக்கை முடுக்கியில் அக்காலத்தில் சுழன்ற புரோத்தனின் சக்தியைப் போல் இது 45 மடங்கு ஆகும். பதிவான 43 செக்கன்களில் உலகின் தொலைநோக்கிகளுக்கெல்லாம் தானியங்கி அறிவித்தல் பறந்தது. அத்திசையை நோக்கிய பெர்மி செய்மதியும் மஜிக் தொலைநோக்கிகளும், அங்கு ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒளிர்மையம் ஒன்று அவ்வேளை கொந்தளித்துக் கொண்டிருந்ததைக் கண்டன. அதன் நடுவே உள்ளது பிரமாண்டமான கருந்துளை. அது கக்கும் பீச்சு நம்மை நோக்கியே அமைந்துள்ளது.

அந்த ஒளிர்மையம் இருப்பது ஓரியன் உடுத்தொகுதியின் பக்கத்தில். அதன் பிரகாசமான விண்மீன்களுள் ஒன்றான ரைஜல், காலைக் குறிக்கும் ரிஜ்ல் என்ற அரபுச் சொல்லாலேயே இன்றும் உலகெங்கும் அழைக்கப்படுகின்றது. முஸ்லிம் வானியலாளர்கள் விட்டுச் சென்ற முத்திரை அது. டிசம்பர் மாத நள்ளிரவில் நமது கரையில் நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கு அந்த ஒளிர்மையம் இருக்கும் இடம் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது என்பது வேறு விடயம்.

அதன் பின்னரும் செய்திகள் தொடர்ந்தன. 2022ஆம் ஆண்டு, 4 கோடி 70 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மெசியர் 77 என்ற விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த ஏறத்தாழ 79 நியூத்திரினோக்களின் சான்று வெளியாயிற்று. 2023ஆம் ஆண்டு நமது பால்வீதியே நியூத்திரினோக்களால் வரையப்பட்டது; ஒளியல்லாத ஒன்றைக் கொண்டு நமது மண்டலத்தைப் பார்த்த முதல் சந்தர்ப்பம் அது. 2016 டிசம்பரில் பதிவாகி 2021இல் வெளியிடப்பட்ட மற்றொரு நிகழ்வு, ஷெல்டன் கிளாஷோ 1960இல் கூறிய எதிர்வுகூறலை மெய்ப்பித்தது. அந்தக் கிளாஷோவுடனும் ஸ்டீவன் வைன்பேர்க்குடனும் 1979ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர் பாகிஸ்தானியரான அப்துஸ் ஸலாம் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ஜாங் என்ற சிற்றூரிலிருந்து சென்றவர் அவர். வறிய நாடுகளின் விஞ்ஞானிகள் தனித்துப் போய்விடலாகாது என்பதற்காக 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஓர் ஆய்வு நிலையத்தையும் அவர் நிறுவினார்.

பனியில் மட்டுமன்றிக் கடலிலும் இப்போது வலைகள் விரிக்கப்பட்டுள்ளன. சிசிலித் தீவுக்கு அப்பால் மத்தியதரைக் கடலின் அடியில், இன்னும் முழுமை பெறாத நிலையிலேயே, ஒரு கருவி 2023 பெப்ரவரி 13இல் பதிவு செய்த நியூத்திரினோ, அதுவரை அறியப்பட்ட அனைத்தையும் விஞ்சிய சக்தி கொண்டது என 2025இல் அறிவிக்கப்பட்டது.

இனி, முன்னர் ஒத்திவைத்த வினாவுக்கு வருவோம். இதனால் நமக்கென்ன?

நியூத்திரினோ நமது அடுப்பை எரிக்காது; வலையில் மீனை நிரப்பாது. ஆனால் 43 செக்கன் என்ற அந்த எண்ணை நாம் எளிதாகக் கடந்து செல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் பிளந்தபோது, உலகெங்குமுள்ள நில அதிர்வுமானிகள் அதனைப் பதிவு செய்தன. கண்டிக்கு அருகே பல்லேகலையில் இருந்த கருவியும் பதிவு செய்தது. பதினைந்து நிமிடங்களில் ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் முதல் அறிவித்தலை வெளியிட்டது. கடல் நமது கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் ஒரு சொல்லேனும் நமக்கு வந்து சேரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். கருவி இல்லாமையால் அன்று. கருவி அறிந்ததை மக்களிடம் சேர்க்கும் வழி இல்லாமையால். இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு பின்னர் உருவானது. 2012 ஏப்ரல் 11இல் மீண்டும் பெரும் பூகம்பம் நிகழ்ந்தபோது, அலை வருமுன் செய்தி வந்தது. அறிவு என்பது அறிவதோடு முடிவதில்லை, அறிவித்தலில்தான் நிறைவு பெறுகின்றது என்ற பாடத்தை நம்மைவிட அதிக விலை கொடுத்துக் கற்றவர்கள் சிலரே.

அந்தப் பாடத்தைத் தமிழ் கூறும் நல்லுலகின் மற்றொரு மூலை இன்னும் கற்று முடிக்கவில்லை. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் கிராமத்துக்கு அருகேயுள்ள மலையைக் குடைந்து, 50,000 தொன் காந்த இரும்பைக் கொண்டு நியூத்திரினோ ஆய்வுகூடமொன்றை அமைக்கும் திட்டத்துக்கு இந்திய மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் அனுமதி வழங்கியது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபா செலவு மதிப்பிடப்பட்டது. மக்கள் எதிர்த்தனர், வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2022 பெப்ரவரியில் தமிழ்நாடு அரசாங்கம், அப்பகுதி புலிகள் நடமாடும் வனவழியை ஒட்டியுள்ளதால் அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இவ்விவகாரத்தில் இரண்டு அச்சங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. நியூத்திரினோவே உயிருக்கு ஆபத்தானது என்ற அச்சம் ஆதாரமற்றது. அது ஆய்வுகூடம் இருப்பினும் இல்லாவிடினும் நம் அனைவரையும் ஒவ்வொரு கணமும் கடந்தே செல்கின்றது. ஆனால் மலையைக் குடைந்தால் நீரூற்று என்னாகும், வெடியதிர்வு எங்கே செல்லும், காடு என்னாகும் என்ற அச்சம் நியாயமானது, விடை கோருவது. முதலாவது அச்சத்தைக் காட்டி இரண்டாவதை ஏளனம் செய்வது அறிவுடைமை அல்ல. இரண்டாவதை வலுப்படுத்த முதலாவதைப் பரப்புவதும் நேர்மை அல்ல. நிலத்தோடு வாழ்பவனின் மொழியில் முன்கூட்டியே பேசியிருந்தால் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியிருக்க முடியும்.

அந்தப் பேச்சு எங்கோ ஒரு தலைநகரில் தொடங்க வேண்டியதில்லை. ஐஸ்கியூப் தனது தரவுகளைப் பொதுமக்களின் பாவனைக்கென வெளியிட்டு வருகின்றது; பாடசாலை மாணவர்கள் அத்தரவைக் கையாண்டு பார்க்கும் ஒருநாள் வகுப்புகளையும் பல நாடுகளில் நடத்தி வருகின்றது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் உள்ளது. கல்முனையிலும் சுற்றுப்புறத்திலும் தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவ மாணவியர் ஏராளமாக உள்ளனர். இவர்களுக்கும் அந்தத் தரவுக்கும் இடையே நிற்பது சமுத்திரமல்ல. தமிழில் எழுதப்பட்ட ஒரு வழிகாட்டி நூலும், ஒரு சனிக்கிழமையை ஒதுக்கக்கூடிய சில ஆசிரியர்களுமே.

அந்நூலை எழுதும் ஆற்றல் நமது பல்கலைக்கழக விரிவுரையாளர்களிடம் இருக்கின்றது. அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு மண்டபத்தைத் திறந்துவிடும் வசதி நமது பாடசாலைகளிடமும் பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் இருக்கின்றது. பரீட்சைப் புள்ளியைத் தராத அறிவுக்கு ஒரு நாளைக் கொடுப்பதா என்று பெற்றோர் கேட்கக்கூடும். கடல் பொங்கிவந்த அந்தக் காலையில் நமக்குத் தேவைப்பட்டதும் எந்தப் பரீட்சையிலும் கேட்கப்படாத ஓர் அறிவுதான் என்பதை அவர்களிடம் பணிவுடன் கூற விரும்புகின்றோம்.